ஜார்ஜ்டவுனிலிருந்து லெத்தெம் வரை காட்டு வழியாக வண்டியில் போகலாமா?

கேள்வி இதுதான்: தென் அமெரிக்காவின் கயானாவில், தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து பிரேசில் எல்லையில் இருக்கிற லெத்தெம் வரை தரைவழியாகப் போக முடியுமா, எத்தனை நாள் வேண்டும், எந்த மாதம் போவது, வளர்ச்சியே எட்டாத பகுதி என்கிறார்களே, ஆபத்து ஏதும் உண்டா.

போகலாம். நான் அந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன், ஒரு தடவை இரவு மினிபஸ்ஸில், இரண்டு தடவை டிரைவரோடு வாடகைக்கு எடுத்த லேண்ட் குரூசரில். மொத்தம் சுமார் 560 கி.மீ. தூரத்தைப் பார்த்து ஒரு நாள் வேலை என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சாலையில் கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை. எப்போது போய்ச் சேருவீர்கள் என்பதை மழையும், வண்டிகளை ஆற்றின் அக்கரைக்கு ஏற்றிப்போகிற ஒரு மிதவையும்தான் முடிவு செய்யும். என்னிடம் கேட்டால் போக மட்டும் மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள், பகலில் மட்டும் ஓட்டுங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்குமான காரணங்கள்தான்.

முதலில் நாட்டை ஒரு பார்வை பார்த்துவிடலாம், இல்லையென்றால் இந்தச் சாலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியாது. கயானாவின் பரப்பு சுமார் 2,15,000 சதுர கி.மீ., மக்கள்தொகை 8 லட்சத்தை ஒட்டி. அதில் பெரும்பாலானவர்கள் அட்லாண்டிக் கரையோரமாக ஒரு மெல்லிய பட்டையில் வாழ்கிறார்கள். கடல் பொங்கும்போது அந்தப் பட்டை கடல்மட்டத்துக்குக் கீழே போய்விடும், அதனால் நீளமாகச் சுவர் எழுப்பி நீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். கரும்பு, நெல், நம்மவர்களின் வழிவந்தவர்கள் எல்லாம் அந்தப் பட்டையில்தான். 1838 மே மாதம் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கின. அடுத்து வந்த எண்பது ஆண்டுகளில் வந்தவர்களில் பெரும்பகுதி கல்கத்தா துறைமுகம் வழியாக வந்தவர்கள், சிறு பகுதி மதராஸிலிருந்து. கரையோரத்தின் கிழக்குப் பகுதியான பெர்பிஸ் பக்கம் இன்றைக்கும் மாரியம்மனுக்கும் காளிக்கும் தப்படித்துப் பூசை நடக்கிறது, அந்த வழிபாட்டைப் பின்பற்றுகிறவர்களை ‘மதராஸி’ என்றே சொல்கிறார்கள். அதை நேரில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கரையோரத்திலேயே பிறந்து வளர்ந்த பலர் ஒரு முறைகூடத் தெற்கே போனதில்லை. நடுவில் காடு. காட்டுக்கு அந்தப்பக்கம் ரூபுனூனி என்ற பெரும் புல்வெளி, அது பிரேசில் வரை போகிறது. கரையையும் புல்வெளியையும் நிலத்தின் வழியாக இணைப்பது இந்த ஒரே ஒரு சாலை. லாரி போகிற அளவுக்கு அது திறந்ததே 1990களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்னால் 1920 வாக்கில் ரூபுனூனி மாடுகளைக் கரைக்கு ஓட்டிவருவதற்காகக் காட்டுக்குள் ஒரு மாட்டுத்தடம் வெட்டியிருந்தார்கள். 1940களின் இறுதியில் இறைச்சியை விமானத்தில் அனுப்ப ஆரம்பித்ததும் அந்தத் தடத்தின் தேவை போய்விட்டது, காடு அதை விழுங்கிவிட்டது.

சரி, எந்த மாதம்? இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கரையோரத்துக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம்: மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஒன்று, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. ரூபுனூனிக்கு ஒன்றே ஒன்றுதான், மே முதல் ஆகஸ்ட் கடைசி வரை. இந்தச் சாலை கரையோர வானிலையில் புறப்பட்டுப் புல்வெளி வானிலையில் முடிகிறது. டிசம்பரில் லெத்தெமில் இருக்கிற நண்பர் ‘இங்கே ஒரு சொட்டு மழை இல்லை, தைரியமாக வா’ என்று சொல்வார், அவர் சொல்வது பொய்யில்லை, ஆனால் நடுக்காட்டில் மபுரா பக்கம் சாலை குழம்பாகக் கிடக்கும். முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் ஒரு தொலைபேசிப் பேச்சை நம்பிப் புறப்பட்டேன். இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிற மாதங்கள் என்றால் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை, அப்புறம் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இதில் எனக்குப் பிடித்தது அக்டோபர். குளங்கள் வற்றி விலங்குகளும் பறவைகளும் மிச்சமிருக்கிற தண்ணீரைச் சுற்றிக் கூடியிருக்கும். வெயில் கொளுத்தும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை தயவுசெய்து இந்தத் திட்டத்தையே எடுக்காதீர்கள்.

வண்டி விஷயம். ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் சாயங்காலம் மினிபஸ்கள் புறப்படும். இரவெல்லாம் ஓட்டி, விடிவதற்கு முன்னால் எஸ்ஸெக்கிபோ ஆற்றங்கரையில் போய் நிற்பார்கள். மிதவை காலை 6 மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும், அதற்காக அங்கே காத்திருப்பார்கள். சாலை நன்றாக இருந்தால் மதியத்தை ஒட்டி லெத்தெம். செலவு குறைவு, உள்ளூர் மக்களோடு பேசிக்கொண்டு போகலாம், டிரைவர்களுக்கு ஒவ்வொரு பள்ளமும் மனப்பாடம். ஆனால் காட்டுச்சாலையின் முதல் பாதி முழுவதும் இருட்டில் கடந்துவிடும், தலை கூரையில் இடிக்க இடிக்கத் தூக்கமும் வராது. மரம் ஏற்றிய லாரிகள் பின்விளக்கு இல்லாமல் நிற்பதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஊருக்கு அவசரமாகப் போகிறவர்களுக்கு அது சரி, வழியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சரியில்லை. நீங்கள் நான்கு பேர் சேர்ந்தால் டிரைவரோடு ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுங்கள். ஜார்ஜ்டவுனில் சாதாரண கார் வாடகைக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுப் பக்கம் எடுத்துப் போக விடமாட்டார்கள், ஒப்பந்தத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். தானே ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி, கயானாவில் நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும், அதில் சிரமம் இருக்காது. ஆனால் சகதியில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் முதல் தடவையே இங்கே கற்றுக்கொள்ள நினைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்ற வேண்டியவை: இரண்டு ஸ்டெப்னி (ஒன்று போதாது), ஜாக்கிக்கு அடியில் வைக்க அகலமான பலகை, மண்வெட்டி, கத்தி, இழுக்கிற கயிறு, ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு இரண்டு நாளுக்குக் குடிதண்ணீர், டார்ச், கொசுவலையோடு கூடிய, பெரியவர்கள் படுக்கிற தூளி (ஹேமக்). தூளியைச் சும்மா சொல்லவில்லை. வழியில் எங்கே மாட்டினாலும் இரண்டு கம்பம் கிடைத்தால் போதும், அன்றைய இரவு பிரச்சினை இல்லாமல் கழிந்துவிடும். எரிபொருளை, வழியில் முதலில் வருகிற லிண்டன் ஊரில் முழுவதும் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வழியில் டிரம்மிலிருந்து ஊற்றிக் கொடுப்பவர்கள் கிடைப்பார்கள், விலை கூடுதலாக இருக்கும், சில நாள் இருப்பே இருக்காது.

இனி வழி. ஜார்ஜ்டவுனிலிருந்து லிண்டன் வரை நூறு கி.மீ.க்குச் சற்றே மேல், தார்ச்சாலை. வழியில் இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று மணல்மேடுகள், கடலே இல்லாத இடத்தில் கடற்கரை மாதிரி. லிண்டன் பாக்சைட் ஊர், டெமரரா ஆற்றின் இரு கரையிலும் பரவிக் கிடக்கிறது. காலை 5 மணிக்குப் புறப்பட்டால் ஏழரைக்கெல்லாம் அங்கே சாப்பிட்டுவிட்டு ஆற்றைக் கடந்து விஸ்மார் பக்கம் போய்விடலாம். அங்கிருந்துதான் பயணம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லிண்டனிலிருந்து மபுரா ஹில் வரை 121 கி.மீ. இதுதான் சமீப ஆண்டுகளில் தார் போட எடுத்துக்கொண்ட பகுதி. ஆழ்கடலில் எண்ணெய் கண்டுபிடித்தது 2015, எடுக்க ஆரம்பித்தது 2019 டிசம்பர். அதற்கப்புறம் நாட்டில் எல்லா வேலையும் வேகம் பிடித்திருக்கிறது. எந்த இடம் முடிந்திருக்கிறது, எங்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது மாதத்துக்கு மாதம் மாறும், லிண்டனில் எதிரே வருகிற லாரிக்காரரிடம் கேளுங்கள், அவர்களைவிட நல்ல செய்தி வேறு யாரிடமும் கிடைக்காது. வழியில் ‘58 மைல்’ என்று ஒரு நிறுத்தம், தூரமே பெயராகிவிட்ட இடம். எல்லா வண்டியும் அங்கே நிற்கும், சூடாகச் சாப்பாடு கிடைக்கும், எதிர்த்திசையில் வருகிறவர்களிடம் முன்னால் இருக்கிற சாலை எப்படி என்று கேட்டுக்கொள்ளலாம். பத்து நிமிஷம் அங்கே செலவழிப்பது பின்னால் இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றும். வழியில் போலீஸ் சோதனைச்சாவடிகள் உண்டு, வெளிநாட்டவர் என்றால் பாஸ்போர்ட் கேட்பார்கள், பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் கையில் வைத்திருங்கள்.

மபுராவைத் தாண்டினால் செம்மண், மழை பெய்திருந்தால் சிவப்புச் சகதி. இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். அந்த டிசம்பர் பயணத்தில், மினிபஸ் ஒரு பெரிய நீர்க்குட்டையின் முன்னால் நின்றது. சாலையின் முழு அகலத்துக்கும் தண்ணீர், பழுப்பாக, அடி தெரியாமல். எங்கள் டிரைவர் இறங்கி, பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு உள்ளே நடந்தார். இடது சக்கரம் போகிற தடத்தில் ஒரு தடவை, வலது சக்கரம் போகிற தடத்தில் ஒரு தடவை, அப்புறம் நடுமேட்டில். முழுக்க நடந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு பிக்கப் வண்டிக்காரர் பொறுமையில்லாமல் ஒதுங்கி முன்னே போய் நடுவில் இறங்கிவிட்டார், கதவுவரை தண்ணீர். அவரை இழுத்து வெளியே போட நான்கு மணி நேரம் ஆனது. பிரேசில் பக்கமிருந்து வந்த ஒரு பழைய பெட்ஃபோர்ட் லாரிதான் கடைசியில் சங்கிலி போட்டு இழுத்தது. யாரும் காசு கேட்கவில்லை, திட்டவும் இல்லை. அந்தச் சாலையில் மாட்டிக்கொண்ட வண்டியைக் கடந்து போகிற பழக்கம் கிடையாது. நாளைக்கு நீங்கள், இன்றைக்கு அவர். அதனால் நீங்களும் நிறுத்துங்கள், உங்களிடம் கயிறு இல்லாவிட்டாலும் தண்ணீராவது கொடுங்கள். நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டதை அப்படியே சொல்கிறேன்: நடந்து பார்க்காத தண்ணீரில் வண்டியை விடாதீர்கள், உள்ளே இறங்கிவிட்டால் கியர் மாற்றாதீர்கள், சக்கரம் வெறுமனே சுற்ற ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். மேலும் மிதித்தால் உங்கள் குழியை நீங்களே ஆழமாக்குகிறீர்கள்.

மரப்பாலங்களும் உண்டு. கிரீன்ஹார்ட் என்ற மரத்தில் போட்டவை, தண்ணீரில் போட்டால் மூழ்குகிற அளவுக்கு அடர்த்தியான மரம், இங்கிலாந்தில் கப்பல்துறைகளுக்கே இதை ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். மரம் வலுவானதுதான், மேலே போட்ட பலகையின் ஆணி கழன்றிருக்கும், அதுதான் சிக்கல். பலவற்றைச் சமீப ஆண்டுகளில் கான்கிரீட்டாக மாற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கிற மரப்பாலத்தில் ஆட்களை இறக்கி நடக்கவிட்டு, சக்கரம் பாலத்தின் விட்டமரத்தின்மேல் வருகிற மாதிரி ஒருவர் முன்னால் நின்று கைகாட்ட மெதுவாகக் கடக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் குருபுகாரி வந்துவிட வேண்டும். எஸ்ஸெக்கிபோவை இங்கேதான் கடக்கிறோம். கயானாவின் மிகப்பெரிய ஆறு, நீளம் சுமார் 1,000 கி.மீ. பாலம் கட்டும் திட்டம் எடுத்திருக்கிறார்கள், அது முடிகிறவரை பாண்டூன் என்று அவர்கள் சொல்கிற இரும்பு மிதவைதான். மாலை 6 மணிக்கு நிறுத்திவிடுவார்கள். 6.10க்கு வந்து கெஞ்சிப் பயனில்லை, கரையிலேயே தூளி கட்டிப் படுக்க வேண்டியதுதான். (எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது. தவளைகளும் எங்கோ தூரத்தில் ஹவ்லர் குரங்குகளின் உறுமலும் கேட்டுக்கொண்டே இருந்தன, அவை எழுப்புகிற சத்தம் குரங்குச் சத்தம் என்று தெரியாதவர்கள் புலி என்றே நினைப்பார்கள். அந்த இரவு வீணானது என்று நான் நினைக்கவில்லை.) வறட்சிக் காலத்தில் ஆறு இறங்கும்போது, குருபுகாரி பாறைகளில் பழங்குடி முன்னோர்கள் செதுக்கிய உருவங்கள் வெளியே தெரியும். அக்டோபரில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆற்றைக் கடந்தால் இவோக்ராமா. சுமார் 3,71,000 ஹெக்டேர் காடு. 1989இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டில் அப்போதைய அதிபர் டெஸ்மண்ட் ஹாய்ட், இந்தக் காட்டை அழிக்காமல் பயன்படுத்துவது எப்படி என்று உலகம் ஆராயட்டும் என்று கொடுக்க முன்வந்தார். 1996இல் அதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். சாலை இந்தக் காட்டுக்குள் 72 கி.மீ. ஓடுகிறது. நுழையும் இடத்தில் வண்டி விவரம் எழுதிக்கொள்வார்கள். இங்கே வேகம் கூடாது, இது வேண்டுகோள் இல்லை, விதி. ஜாகுவார்கள் இந்தச் சாலையிலேயே நடக்கும். நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன், காலை ஆறரை மணி, முன்னால் ஐம்பது அடியில் சாலையோரம் உட்கார்ந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எழுந்து சோம்பல் முறித்து, அவசரமே இல்லாமல் செடிக்குள் போனது. மினிபஸ்ஸில் அறுபதில் போயிருந்தால் அந்த இடத்தைக் கவனிக்காமலே கடந்திருப்போம். காட்டின் தென்பகுதியில் அட்டா என்ற தங்குமிடத்துக்குப் பக்கத்தில் மரஉச்சிகளுக்கு இடையே தொங்கு நடைபாதை கட்டியிருக்கிறார்கள், தரையிலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில், மொத்தம் 154 மீட்டர் நீளம். விடியற்காலையில் அங்கே ஏறி நின்றால் பறவைகள் உங்கள் கண்மட்டத்துக்கு வரும். முதல் இரவை ஆற்றோரம் இவோக்ராமா விடுதியிலோ, வேகமாக வந்துவிட்டால் அட்டாவிலோ கழியுங்கள். இரண்டுக்கும் முன்பதிவு வேண்டும்.

பிறகு காடு முடிகிற இடம். அதை எப்படிச் சொல்வது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இரண்டு நாளாக இருபுறமும் நாற்பது மீட்டர் மரச்சுவர், மேலே ஒரு கீற்று வானம். திடீரென்று, ஒரு வளைவில், அந்தச் சுவர் நின்றுவிடுகிறது. மெல்ல மெல்லக் குறைவதெல்லாம் இல்லை, கத்தியால் வெட்டிய மாதிரி. எதிரே கண்ணுக்கு எட்டுகிற மட்டும் புல், அதற்கப்பால் நீலமாகப் பகரைமா மலை. வண்டியில் இருக்கிற யாரும் பேசமாட்டார்கள். ஒரு முறை எங்கள் டிரைவர், இருபது வருஷமாக அந்த வழியில் ஓட்டுகிறவர், கேட்காமலே அங்கே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

அந்த எல்லைக்குச் சற்று முன்னால் மேற்கே பிரிகிற கிளைப்பாதையில் சுராமா இருக்கிறது, மகுஷி மக்களின் கிராமம், அவர்களே விடுதி நடத்துகிறார்கள். இரண்டாம் இரவு இங்கே. ‘வளர்ச்சியே எட்டாத பகுதி’ என்று கேள்வியில் இருந்ததே, அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்த மக்கள்தான். மகுஷி வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய நஞ்சுக்கு வுராலி என்று பெயர். 1812இல் சார்ல்ஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அதைத் தேடியே கரையிலிருந்து இவ்வளவு தூரம் நடந்தும் படகிலும் வந்தார். குராரே என்று உலகம் அறிந்த அந்த நஞ்சு தசைகளைத் தளர்த்தும். 1942இல் மாண்ட்ரியாலில் மயக்க மருந்தோடு சேர்த்து அதை அறுவைசிகிச்சையில் பயன்படுத்தினார்கள், நவீன மயக்கவியலே அதனால் மாறியது. கொடியை எங்கே தேடுவது, எப்படிக் காய்ச்சுவது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் தார்ச்சாலை இல்லாத இந்தக் காட்டில் வாழ்ந்தவர்கள். அங்கே போகும்போது இது மனதில் இருந்தால் பேச்சே வேறுமாதிரி இருக்கும்.

ஒரு விதியை மறக்கக் கூடாது. கயானாவின் 2006ஆம் ஆண்டு பழங்குடிகள் சட்டப்படி, பழங்குடிக் கிராம நிலத்துக்குள் வெளியாள் நுழைய கிராம மன்றத்தின் அனுமதி வேண்டும். கிராமத் தலைவரைத் தோஷாவ் என்பார்கள், ஆணும் இருக்கலாம் பெண்ணும் இருக்கலாம். விடுதி பதிவு செய்திருந்தால் அவர்களே அனுமதி வாங்கிவிடுவார்கள். வழியில் பார்த்த ஏதோ ஒரு கிராமத்துக்குள் சும்மா வண்டியை விட்டு, குழந்தைகளைப் படம் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

மூன்றாம் நாள், புல்வெளி தொடங்குகிற இடத்தில் இருக்கிற அன்னாய் கிராமம் வழியாக லெத்தெம், சுமார் 120 கி.மீ. புல்வெளி. சாலை காய்ந்திருந்தால் இதுதான் எளிதான பகுதி, ஆனால் அலை அலையாக வரித்த செம்மண் வண்டியின் ஒவ்வொரு திருகையும் கழற்றப் பார்க்கும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் உடம்புக்கும் நல்லது வண்டிக்கும் நல்லது. முன்னால் போகிற வண்டியின் புழுதியில் ஓட்டாதீர்கள், எதிரே வருவது தெரியாது. ஆள் உயரக் கரையான் புற்றுகள், ஓடையோரம் வரிசையாக இத்தே பனைகள், ஜபிரு என்ற பெரிய நாரை. காலையிலும் அந்தி நேரத்திலும் எறும்புத்தின்னி நடமாடும். நம் ஊர் செதில் போர்த்த அலங்கு இல்லை இது, நீண்ட மூக்கும் துடைப்பம் மாதிரி வாலுமாக ஒரு பெரிய நாயைவிட நீளமான விலங்கு. கண்பார்வை குறைவு, அதன் பக்கமிருந்து காற்று உங்களை நோக்கி வீசுகிற இடத்தில் நின்று அசையாமல் இருந்தால் பக்கத்திலேயே வரும். துரத்தாதீர்கள், சிலர் படத்துக்காக வண்டியில் துரத்துவதைப் பார்த்து எனக்குக் கொதித்திருக்கிறது. ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ரூபுனூனி ஆற்றோரம் கரனாம்பு பண்ணைக்குப் போங்கள். டயேன் மெக்டர்க் என்ற அம்மையார், 2016இல் காலமானார், தாயை இழந்த ராட்சத நீர்நாய்க் குட்டிகளை வளர்த்து ஆற்றில் விட்டுக்கொண்டிருந்த இடம் அது.

இதே புல்வெளி மழைக்காலத்தில் ஏரியாகிவிடும். ரூபுனூனி ஆறு எஸ்ஸெக்கிபோவில் சேர்வது, அதற்குப் பக்கத்திலேயே ஓடுகிற டகுட்டு அமேசானுக்குப் போவது. நடுவில் மேடு என்று எதுவும் இல்லாததால் வெள்ளத்தில் இரண்டு ஆற்றுத் தண்ணீரும் ஒன்றாகிவிடுகின்றன, மீன்கள் இந்த ஆற்றிலிருந்து அந்த ஆற்றுக்குப் போகின்றன. வால்டர் ராலே என்ற ஆங்கிலேயர் 1595இல் தங்க நகரத்தைத் தேடி வடமேற்கே ஓரினோகோ ஆற்றில் போனபோது, உள்நாட்டில் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது, அதன் கரையில் தங்கமயமான ஊர் இருக்கிறது என்று கேள்விப்பட்டார். பரிமே ஏரி என்று இரண்டு நூற்றாண்டு வரைபடங்களில் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வருடத்தில் சில மாதம் மட்டும் இருக்கிற இந்த வெள்ளம்தான் அந்த ஏரி என்று ஜெர்மானிய ஆய்வாளர் ஹம்போல்ட் பிற்பாடு விளக்கினார். மழையில் போகாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதன் அளவு இதிலிருந்து புரியும்.

சாப்பாட்டுக்குப் பயம் வேண்டாம். மரவள்ளிதான் அங்கே எல்லாம். கசப்பு மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டு. அதைத் துருவி, மட்டாபி என்ற நீளமான பின்னல் குழாயில் அடைத்து இழுத்துச் சாறு பிழிவார்கள். சக்கையை வறுத்தால் ஃபாரீன், தட்டிச் சுட்டால் ரொட்டி. சாற்றையும் கொட்டுவதில்லை, மணிக்கணக்கில் காய்ச்சினால் நஞ்சு போய்க் கருப்பாகக் கசரீப் என்ற குழம்புச்சாறு கிடைக்கும், இறைச்சி கெடாமல் இருக்க அதைச் சேர்த்துத்தான் பெப்பர்பாட் வைப்பார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் லிண்டனைத் தாண்டுவதற்குள் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். அன்னாய்க்குப் பக்கத்தில் அரனாபுட்டாவில் நிலக்கடலை விளைகிறது, அங்கே அரைத்த கடலை வெண்ணெய் ஒரு பாட்டில் போதும், ஃபாரீனோடு இரண்டு நாள் ஓட்டலாம்.

உடம்பு விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும், புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால். கயானா போய்விட்டுச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. உள்நாட்டில் மலேரியா உண்டு, மருத்துவரிடம் கேட்டுத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் பேத் ரூஜ் என்கிற கண்ணுக்குத் தெரியாத சிவப்புப் பூச்சி இடுப்புப் பட்டைக்குக் கீழே கடித்து ஒரு வாரம் சொறிய வைக்கும், புல்லில் உட்காரக் கூடாது, கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ள வேண்டும். காட்டுக்குள் நீண்ட தூரம் தொலைபேசி எடுக்காது. சிறு குழந்தையோடும் இதயநோய் உள்ள பெரியவர்களோடும் இந்த வழி வேண்டாம், ஓரளவு பெரிய ஆஸ்பத்திரி லிண்டனில் ஒன்று, லெத்தெமில் ஒன்று, நடுவே சிறியவை மட்டும். திருட்டு, வழிப்பறி பற்றிக் கேட்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் இரவு நடப்பதைவிட ரூபுனூனியில் எனக்குப் பயம் குறைவு.

லெத்தெம் சிறிய ஊர், கடைகளில் கயானா டாலரும் வாங்குவார்கள் பிரேசில் ரியாலும் வாங்குவார்கள். ஈஸ்டருக்கு மாடு அடக்குகிற ரோடியோ நடக்கும், அப்போது அறை கிடைக்காது. டகுட்டு ஆற்றின்மேல் 2009இல் திறந்த பாலத்தை ஒரு தடவை போய்ப் பாருங்கள். கயானாவில் இடதுபக்கம், பிரேசிலில் வலதுபக்கம், அதனால் பாலத்தின் முனையில் இரண்டு தடமும் ஒன்றின்கீழ் ஒன்று போய் இடம் மாறிக்கொள்கின்றன. அந்தப்பக்கம் வழுவழுப்பான தார்ச்சாலை, பிரேசிலின் போவா விஸ்டா நகரம் சுமார் 125 கி.மீ. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிரேசில் விசா முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், எல்லையில் கொடுக்கமாட்டார்கள்.

சாலை முழுக்கத் தார் ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டால் என்னால் ஒரே பக்கம் நிற்க முடியவில்லை. பிரசவ வலியோடு சகதியில் மாட்டிய பெண்ணைப் பற்றி அன்னாயில் ஒரு செவிலியர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அரிசி மூட்டை கரையைவிட எவ்வளவு விலை ஏறி அங்கே விற்கிறது என்றும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சாலை வேண்டும். அதே தார்ச்சாலையில் மரமும் காட்டு விலங்கும் தங்கமும் எவ்வளவு வேகமாக வெளியே போகும் என்று பக்கத்து பிரேசிலைப் பார்த்தாலே தெரியும். இவோக்ராமாவின் 72 கி.மீ.யில் இரவில் வண்டி ஓடாமல் இருப்பதற்கு இப்போது பெரிய காரணம் அந்த மிதவைதான், பாலம் வந்தால் அந்தத் தடை போய்விடும். அதற்கு முன்னாலேயே இரவு வாகனத் தடையையும் வேகத்தையும் உறுதியாக நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கருத்து.

திரும்பும் வழிக்கு ஒரு யோசனை. நாள் குறைவென்றால் வண்டியை டிரைவரோடு அனுப்பிவிட்டு லெத்தெமிலிருந்து சிறு விமானத்தில் வாருங்கள், ஜார்ஜ்டவுன் பக்கத்து ஓகிள் நிலையத்துக்கு ஒன்றேகால் மணி நேரம். சாமான் எடைக்குக் கண்டிப்பான வரம்பு உண்டு, மண்வெட்டியும் கயிறும் வண்டியோடு போகட்டும். காலை விமானமாக எடுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும். மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் புல்வெளி முடிந்து காடு ஆரம்பிக்கும். கீழே பச்சைக்கு நடுவே ஒரு சிவப்பு நூல் சில நிமிஷம் தெரியும், நீங்கள் மூன்று நாள் வந்த வழி அது.